நூற்றுக்கு ஒன்றேகால்

ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடைக்கு நூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது. நாகப்பட்டினத்தில் ஏறிய தமிழர்களை ரஜூலா கப்பல் கொண்டுவந்து சேர்த்த துறைமுகம் இது. 2010களில் இங்கே வழக்கமாக நின்ற கப்பல் வேறு வகை. அதன் பெயர் சூப்பர்ஸ்டார் லிப்ரா. 1993இல் தொடங்கப்பட்ட ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்களில் அதுவும் ஒன்று. பினாங்கையே தாய்த் துறைமுகமாக வைத்துக்கொண்டு புக்கெட்டுக்கும் லங்காவிக்கும் போய்வந்தது. எந்த ஊருக்கும் போகாமல் கடலுக்குள் ஓர் இரவு சுற்றிவிட்டு மறுநாள் கரைக்குத் திரும்பும் பயணங்களும் உண்டு. அப்படிப்பட்ட பயணங்களில் பலர் ஏறியது கடலைப் பார்க்க அல்ல. கப்பல் பன்னாட்டுக் கடற்பரப்பைத் தொட்டதும் திறக்கும் சீட்டுமேசைகளுக்காகவே ஏறினார்கள்.

கரையில் அந்த மேசைகளைத் திறக்க முடியாது. பொதுச் சூதாட்டக் கூடங்களைத் தடைசெய்யும் 1953ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. தரையில் சட்டப்படி இயங்கும் காசினோ நாட்டில் ஒன்றே ஒன்றுதான்: லிம் கோ தோங் 1969இல் உரிமம் பெற்று, 1971இல் கெந்திங் மலையில் திறந்த விடுதி. முஸ்லிம்களுக்கு அங்கு அனுமதி இல்லை. ஸ்டார் குரூசஸும் அதே கெந்திங் குழுமத்தில் பிறந்ததுதான். மலையில் இருந்ததைக் கடலுக்கும் கொண்டுபோனார்கள்.

கப்பலில் ஆடப்படும் சீட்டு எந்த விதத்திலும் தனியானது அல்ல. மக்காவு நகரிலும் சிங்கப்பூரிலும் ஆடும் அதே ஆட்டங்கள், அதே விதிகள். ஆனால் கப்பலில் ஒன்று கூடுதலாக இருக்கிறது: மேசையை விட்டு எழுந்தாலும் போக இடமில்லை, விடியும்வரை கரை வராது. காசினோவின் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கில் சீட்டைவிடப் பெரியது நேரம்.

ஆசியக் காசினோக்களில் பணம் பெரும்பாலும் புரளும் ஆட்டம் பக்காரா. இதில் ஆடுபவர் சீட்டைத் தொட்டு முடிவெடுக்க எதுவுமில்லை. 'ஆட்டக்காரர்', 'பேங்கர்' என்று இரண்டு கைகளுக்குச் சீட்டு விழும். எந்தக் கையின் கூட்டுத்தொகை ஒன்பதுக்கு அருகில் வருகிறதோ அது வெல்லும். பத்தும் படச்சீட்டும் பூச்சியம். கூட்டுத்தொகை ஒன்பதைத் தாண்டினால் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு. எந்தக் கை வெல்லும் என்று பணம் வைப்பது மட்டும்தான் நம் வேலை. மூன்றாவது சீட்டு எப்போது எடுப்பது என்பதும் விதியில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

எட்டுக் கட்டுச் சீட்டு வைத்து ஆடும்போது பேங்கர் கை 45.86 விழுக்காடும் ஆட்டக்காரர் கை 44.62 விழுக்காடும் வெல்லும். மீதி 9.52 விழுக்காடு சமநிலை. பேங்கருக்கு ஏன் இந்தச் சிறிய முந்துதல்? பேங்கர் கை பின்னால் ஆடுகிறது. ஆட்டக்காரர் கைக்கு மூன்றாவதாக என்ன சீட்டு வந்தது என்பதைப் பொறுத்தே பேங்கர் கை சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பது முடிவாகிறது. பின்னால் ஆடுபவருக்குக் கூடுதல் செய்தி கிடைக்கிறது. அது அப்படியே கூடுதல் வெற்றியாகிறது.

அப்படியானால் எல்லோரும் பேங்கர் மேலேயே பணம் வைத்தால் விடுதி நட்டப்படாதா? அதற்காகவே பேங்கர் வெற்றியில் நூற்றுக்கு ஐந்து கழிவு பிடிக்கிறார்கள். அந்தக் கழிவுக்குப் பிறகு பேங்கர் மேல் வைக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் சராசரியாக 1.06 வெள்ளி விடுதிக்குப் போகிறது. கழிவே இல்லாத ஆட்டக்காரர் பக்கத்தில் 1.24. ஏறக்குறைய ஒன்றேகால். சமநிலை வரும் என்று பந்தயம் கட்டினால் எட்டு மடங்கு தருவதாக மேசையிலேயே எழுதியிருக்கும். கவர்ச்சியான அந்தக் கட்டத்தில் விடுதியின் பங்கு 14.36. இவை எதுவும் மறைத்துவைத்த எண்கள் அல்ல. சீட்டுக்கட்டும் விதிப்புத்தகமும் கையில் இருந்தால் யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நூற்றுக்கு ஒன்றேகால் என்பது எந்த வட்டிக்கடைக்காரரும் ஏளனமாகப் பார்க்கக்கூடிய விகிதம். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 'ஆயிரம் வெள்ளியோடு போகிறேன். போனால் பன்னிரண்டு வெள்ளிதான் போகும்' என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஒன்றேகால் என்பது கொண்டுபோன பணத்தின் மேல் பிடிக்கும் வரி அல்ல. மேசையில் வைத்த பணம் முழுவதன் மேலும், வைக்கும் ஒவ்வொரு முறையும் பிடிக்கும் வரி. ஒரு முறை வைத்து, வென்று, அதையே திரும்ப வைத்தால் வரியும் திரும்ப விழும். ஆட்டத்துக்கு 50 வெள்ளி, மணிக்கு 70 ஆட்டம் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் மேசையில் வைக்கப்படும் தொகை 3,500 வெள்ளி. அதில் விடுதியின் சராசரிப் பங்கு 43 வெள்ளி. இரவு எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 350. ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரே இரவில், எந்த மோசடியும் இல்லாமல்.

சராசரிதானே, அதிர்ஷ்டம் இருந்தால் வெல்லலாமே என்று கேட்கலாம். வெல்லலாம். நூறு ஆட்டம் மட்டும் ஆடி எழுபவர்களில் நூற்றுக்கு 40 பேராவது லாபத்தோடு எழுவார்கள். அவ்வளவு குறுகிய தூரத்தில் அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வு விடுதியின் பங்கை மூழ்கடித்துவிடும். காசினோவில் வென்ற கதைகள் ஊரெங்கும் கேட்பதற்கு இதுவே காரணம். அவற்றில் பல உண்மைக் கதைகள். ஆனால் ஆட்டத்தின் எண்ணிக்கை ஏற ஏற இழப்பு நேர்கோட்டில் வளர்கிறது. ஏற்றத்தாழ்வோ அதன் வர்க்கமூல அளவுக்குத்தான் வளரும். பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகு லாபத்தில் இருப்பவர் பத்தில் ஒருவர். ஒரு லட்சத்துக்குப் பிறகு, நடைமுறையில் யாருமில்லை. தனிமனிதன் தன் வாழ்நாளில் ஒரு லட்சம் ஆட்டம் ஆடுவது அரிது. இருபது மேசை, மணிக்கு அறுபது ஆட்டம், நாளுக்கு இருபது மணி நேரம் என்று இயங்கும் ஒரு விடுதி ஐந்தே நாளில் அதைத் தாண்டிவிடும். அதிர்ஷ்டம் என்பது ஆடுபவருக்கு மட்டுமே உண்டு. விடுதியின் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

இதிலிருந்து பிறக்கும் ஒரு முடிவு பலருக்கும் நம்பமுடியாததாக இருக்கும். ஆயிரம் வெள்ளியை இரண்டாயிரமாக்க வேண்டும், இல்லையேல் எல்லாம் போகட்டும் என்று ஒருவர் உட்காருகிறார். சிறுகச் சிறுக வைப்பதுதான் பாதுகாப்பு என்று எண்ணிப் பத்துப் பத்து வெள்ளியாக ஆட்டக்காரர் பக்கம் வைக்கிறார். அவர் இலக்கை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறுதான். ஐம்பது ஐம்பதாக வைத்தால் 37. நூறு நூறாக வைத்தால் 43. ஆயிரத்தையும் ஒரே ஆட்டத்தில் வைத்தால் 49க்கு மேல். நிதானம் என்று நாம் மதிக்கும் குணமே இந்த மேசையில் நம்மைக் கரைக்கிறது, ஏனென்றால் நிதானம் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இதை நான் யாருக்கும் அறிவுரையாகச் சொல்லவில்லை. ஒரே ஆட்டத்தில் ஆயிரம் வைப்பவர் வென்றதும் எழுந்துபோக வேண்டும், அப்படிப் போகிறவர்கள் அரிது. ஆனால் காசினோக்கள் ஏன் இலவசச் சாப்பாடும் அறையும் கொடுத்து வாடிக்கையாளரை மேசையோடு வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன என்பதற்கு இந்த நான்கு எண்கள் போதுமான விளக்கம். கப்பலில் அந்தச் செலவில் பெரும்பகுதியைக் கடலே ஏற்றுக்கொள்கிறது.

பிளாக்ஜாக் என்கிற இருபத்தொன்றில் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே ஆடுபவர் முடிவெடுக்கிறார், முடிவுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் விடுதியின் சாதகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் பலரும் தவறான இடத்தையே காட்டுவார்கள். சீட்டுப் போடுபவர் 17 வரும்வரை எடுத்தே ஆகவேண்டும், 17க்கு மேல் எடுக்கக்கூடாது. அவருக்குச் சுதந்திரமே கிடையாது. ஆடுபவரும் அதே விதியைப் பின்பற்றினால் இருவருமே 28 விழுக்காடு வேளைகளில் 21ஐத் தாண்டி வெடிப்பார்கள். அப்படியிருக்க ஆட்டம் சமமாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. ஆடுபவர் முதலில் எடுக்கிறார். அவர் வெடித்தால் அவர் பணம் அந்த நொடியே போய்விடும். பிறகு சீட்டுப் போடுபவரும் வெடித்தால்கூட அது திரும்பாது. இருவரும் வெடிக்கும் ஆட்டங்கள் நூற்றில் எட்டு. அந்த எட்டும் விடுதிக்கு. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் ஒன்றரை மடங்கு தருகிறார்களே, அது இந்த எட்டில் இரண்டேகாலை மட்டும் திருப்பித் தருகிறது. மிச்சம் ஐந்தே முக்கால். இவ்வளவும் ஒரே ஒரு ஏற்பாட்டிலிருந்து, யார் முதலில் ஆடுவது என்பதிலிருந்து வருகிறது. பக்காராவில் பேங்கர் கைக்கு இருந்த அதே சாதகம்தான் இது.

1956இல் பால்ட்வின், கான்டி, மெய்சல், மெக்டெர்மாட் என்ற நான்கு அமெரிக்கர்கள் கணக்கிடும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கைக்கும் சரியான முடிவு எது என்று கண்டு, அதை ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். சீட்டுப் போடுபவரின் கையில் தெரியும் சீட்டு 4, 5 அல்லது 6 என்றால் நம் கையில் 12 இருந்தாலும் நிறுத்திக்கொள். வெடிக்கும் ஆபத்தை அவரிடம் தள்ளு. 11 இருந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கு. இப்படி ஓர் அட்டவணை. அதை மனப்பாடம் செய்து பிசகாமல் ஆடினால் விடுதியின் பங்கு நூற்றுக்கு அரை அளவுக்கு இறங்கும். சீட்டுப் போடுபவரின் விதியையே பின்பற்றுபவர் மணிக்கு 200 வெள்ளி இழக்கும் அதே வேகத்தில், அட்டவணைக்காரர் இழப்பது 17 அல்லது 18 வெள்ளி. அறிவு இங்கே நிஜமாகவே காசு. ஆனாலும் அது இழப்பைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. நம் கையில் 16, எதிரே 10 என்ற நிலை வந்தால் எடுத்தாலும் நிறுத்தினாலும் வைத்த வெள்ளியில் சராசரியாக 54 காசு போகும். பாதிப் பணத்தோடு விலக விதி அனுமதித்தால் அதுவே நல்லது.

விடுதிகள் இதற்குச் சொன்ன பதிலும் கவனிக்கத்தக்கது. முதல் இரண்டு சீட்டில் வரும் 21க்குத் தரும் ஒன்றரை மடங்கைப் பல இடங்களில் ஐந்துக்கு ஆறு என்று குறைத்துவிட்டார்கள். மேசையில் மற்ற எதுவும் மாறாது. அந்த ஒரு வரி மாற்றம் விடுதியின் பங்கில் 1.4 விழுக்காட்டைக் கூட்டுகிறது. அட்டவணையை மனப்பாடம் செய்த உழைப்பில் கணிசமான பகுதியை அது விழுங்கிவிடும்.

1962இல் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் இன்னொரு படி போனார். வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்திருந்தால் கட்டில் மிஞ்சியிருப்பது எது என்று தெரியும். பெரிய சீட்டுகள் மிகுந்திருக்கும் நேரத்தில் பந்தயத்தை ஏற்றினால் சாதகம் ஆடுபவர் பக்கம் திரும்பும் என்று காட்டினார். தமிழ் வாசகருக்கு இந்த எண்ணம் புதியதல்ல. நளன் கதையில் மன்னன் இருதுபன்னன் தேரில் போகும்போதே தான்றி மரத்தின் காய்களை எண்ணிச் சொல்கிறான். அந்த எண்ணும் வித்தையும் கவறாடும் மறையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று கதை கொள்கிறது. சூதில் புட்கரனிடம் நாட்டை இழந்த நளன் குதிரை வித்தையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, மறுபடி ஆடி, நாட்டை மீட்கிறான். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் காட்சியைக் குறிப்பிட்டிருக்கிறார். சூதை வெல்வது அதிர்ஷ்டத்தாலோ தெய்வத்தாலோ அல்ல, எண்ணிக்கையால் என்று அந்தக் கதை இத்தனை பழங்காலத்தில் சொல்லியிருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் இன்றைய விடுதி புட்கரன் அல்ல. எண்ணத் தெரிந்தவரைக் கண்டால் மேசையிலிருந்து எழுப்பிவிடும். ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டுகளைக் கலக்கும். ஆடிய சீட்டை உடனுக்குடன் திரும்பக் கலக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பக்காராவில் எண்ணுவதால் பயன் அநேகமாக இல்லை என்று தோர்ப்பே ஆராய்ந்து கண்டார். அதனால்தான் பக்காரா மேசையில் முந்தைய முடிவுகளைக் குறித்துக்கொள்ளத் தாளும் பென்சிலும் விடுதியே கொடுக்கிறது. ஐந்து முறை தொடர்ந்து பேங்கர் வந்தால் ஆறாவது என்ன வரும் என்று அந்தத் தாளைப் பார்த்து யோசிப்பவர் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார்.

இந்தக் கணக்கு பினாங்குக்குக் கப்பலோடு வந்ததல்ல. பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் இந்தத் தீவில் கொடியேற்றினார். துறைமுகத்தில் சுங்கம் வாங்காமல் வணிகரை ஈர்ப்பது அவர் திட்டம். அப்படியானால் ஆட்சிச் செலவுக்குப் பணம் வேண்டுமே. சாராயம், அபினி, சூது ஆகியவற்றை நடத்தும் தனியுரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரர் மாதந்தோறும் அரசுக்குத் தொகை கட்டுவார். தீவில் வேறு யாரும் சூதாட்டக் கடை வைக்க முடியாது. இதை வெறும் உரிமக் கட்டணம் என்று பார்ப்பது போதாது. ஏலத்தில் குத்தகைக்காரர் எவ்வளவு கேட்கலாம் என்று எதை வைத்துக் கணக்கிடுவார்? இத்தனை பேர், இத்தனை நாள், இத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு இவ்வளவு பங்கு. விடுதியின் சாதகத்தைத்தான் அரசு முன்கூட்டியே விற்றது. யார் வென்றாலும் தோற்றாலும் அரசுக்கு வரவேண்டியது வந்தது.

மனச்சாட்சியும் கருவூலமும் இந்த விஷயத்தில் மாறி மாறி வென்றிருக்கின்றன. பினாங்கில் சூதுக் குத்தகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1823இல் சூதைத் தடைசெய்தார். அதே ஆண்டு அங்கே பொறுப்பேற்ற கிராஃபர்ட் குத்தகையைத் திரும்பக் கொண்டுவந்தார். 1829இல் மறுபடி எடுத்தார்கள். கடலுக்கு அக்கரையில், பேராக்கிலும் சிலாங்கூரிலும், 1912 முடியும்வரை அது நீடித்தது. ஈயச் சுரங்கங்களில் கூலியும் சூதுக்கடையும் பல இடங்களில் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. சுரங்கத் தொழிலாளியின் கூலி வேலையிடத்தைத் தாண்டுவதற்குள் முதலாளியிடமே திரும்பியது. கடன் மிஞ்சியவர் மறு ஆண்டும் அங்கேயே வேலை செய்தார். தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்த இடத்தில் கள்ளுக்கடை இருந்தது. பண்டம் வேறு, ஏற்பாடு ஒன்றே. கப்பலில் உள்ள அந்த மூடிய தன்மை, எழுந்துபோக இடமில்லாமை, அன்று சுரங்கத்திலும் தோட்டத்திலும் இருந்தது.

குத்தகை போன பிறகு சூது மறைந்துவிடவில்லை. சாப் ஜி கீ என்ற பன்னிரண்டு காய் ஆட்டம் வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலிக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு மலாயா முழுதும் பரவியது. சந்தைக்குப் போகும் பெண்களே அதன் பெரிய வாடிக்கையாளர்கள். பன்னிரண்டில் ஒன்றைச் சரியாகச் சொன்னால் பத்து மடங்கு. வைத்த பணமும் அதில் சேர்ந்தது என்று கொண்டால் நடத்துபவரின் பங்கு ஆறில் ஒன்று. இரண்டு காய்களைச் சொல்லும் வகையில் 144 வாய்ப்புகளுக்கு நூறு மடங்கு தருவார்கள். அதில் பத்துக்கு மூன்று. அதன் சட்டப்படியான வாரிசு இன்று பல ஊர்களில் கடை திறந்திருக்கும் நாலு நம்பர். விபத்தில் சிக்கிய காரின் எண்ணை மறக்காமல் குறித்துக்கொண்டு போய் எடுக்கிறார்களே, அதுதான். பெரிய வகையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசுகள் 180 வீதம், பத்து ஆறுதல் பரிசுகள் 60 வீதம். எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. எண்களோ பத்தாயிரம். நூற்றுக்கு 36 நடத்துபவருக்கு.

36 எங்கே, ஒன்றேகால் எங்கே? காசினோ எவ்வளவோ நியாயமானது என்று தோன்றும். ஆனால் நாலு நம்பர் குலுக்கல் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள். குலுக்கலுக்குப் பத்து வெள்ளி வைப்பவர் வாரத்துக்கு ஏறக்குறைய 11 வெள்ளி இழக்கிறார். ஐம்பது வெள்ளிப் பக்காராக்காரர் அதைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறார். விழுக்காடு குறைந்த ஆட்டம் வேகமான ஆட்டமாக இருப்பது தற்செயல் அல்ல. மேசையில் பணம் விரைந்து சுற்றும் இடத்தில்தான் நடத்துபவரால் பங்கைக் குறைத்துக்கொள்ள முடியும். வேகத்தின் இந்தக் கணக்கு கைப்பேசி ரம்மிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் அதைப் பற்றிய வழக்குகளில், ரம்மி திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று 1968ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து நெடுங்காலம் வாதிட்டார்கள். திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு ஆட்டம் கழிவு பிடிக்கும் நிறுவனத்துக்கு, யாருடைய திறமை வென்றால் என்ன? அது எண்ணுவது ஆட்டங்களை மட்டும்தான். கைப்பேசியில் விடிவதும் இல்லை, கரை வருவதும் இல்லை. அந்த வழக்குகளில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி மணிக்கு எத்தனை ஆட்டம் என்பதே என்று நான் நினைக்கிறேன்.

பினாங்கு வீடுகளில் சீனப் புத்தாண்டின்போது ஆடும் பான் லக் இருபத்தொன்றின் இன்னொரு வடிவம். அண்டை வீட்டுத் தமிழர்களும் உட்கார்ந்து ஆடுவது உண்டு. அதிலும் ஒருவர் பேங்கராக இருந்து மற்ற எல்லோருக்கும் எதிராக ஆடுகிறார், கடைசியாகச் சீட்டு எடுக்கிறார். ஆனால் பல வீடுகளில் ஆடுபவர் வெடித்தாலும் சீட்டைக் கவிழ்த்தே வைத்திருப்பார். பேங்கரும் வெடித்தால் பணம் கைமாறாது. காசினோவில் விடுதிக்குப் போகும் அந்த எட்டு விழுக்காடு இங்கே யாருக்கும் போவதில்லை. பேங்கருக்கு வேறு சாதகங்கள் மிஞ்சுகின்றன: சிலருடைய சீட்டை முதலில் திறந்து பார்த்துக் கணக்கை முடித்துக்கொண்டு, மற்றவர்களை எதிர்கொள்ள இன்னொரு சீட்டு எடுக்கலாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்துகொள்கிறார், சீட்டுக்கட்டு அடுத்தவரிடம் போகிறது, பேங்கர் இடத்தில் அத்தையோ மருமகனோ உட்காருகிறார்கள்.